நம்மாளுக்கு எதற்கு பெர்த்

எங்கள் ஓய்வுபெற்ற ஊழியர் சங்கத்தின் செயலாளர் சில வாரங்களுக்கு முன் வாட்ஸாப்பில் ஒரு சுற்றறிக்கையை அனுப்பினார். புற்றுநோய் சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் ரயில்வே ஊழியருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அவசர ஒதுக்கீட்டில் முன்னுரிமை தரவேண்டும் என்று அதில் இருந்தது. அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. படித்துவிட்டுக் கூப்பியவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் செயலாளரே போனில் வந்தார்.

"சார், நீங்க அந்த செக்‌ஷன்லயே ரிட்டயர் ஆனவரு. நம்ம சங்கத்து ஆண்டு மலர்ல போட, நன்றி தெரிவிச்சு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. போட்டோ ஒண்ணும் அனுப்புங்க."

"எதுக்கு நன்றி?"

"முன்னுரிமை குடுத்துட்டாங்க இல்ல சார்."

"இத்தனை நாள் ஏன் குடுக்கல?"

"அத்த வேற எழுதப் போறீங்களா? வேணாம் சார். நல்லதா நாலு வரி போதும்."

அதைத்தான் எழுதப் போகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. நல்லதாகவும் இருக்காது. மலரில் போடுவதும் போடாததும் அவர் விருப்பம்.

இந்தச் சுற்றறிக்கையைப் பார்த்ததும் எனக்கு வந்தது எரிச்சல். அதைப் போட்டவர்கள் மீது இல்லை. புற்றுநோயாளிக்கு பெர்த் கொடுக்காதே என்று முன்பும் எந்த விதியும் சொல்லவில்லை. நோய் என்பது எப்போதும் ஒரு காரணமாகவே விதியில் இருந்தது. கொடுக்காமல் இருந்தவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாங்கள். கடைசியில் பல வருஷம் அந்த 'நாங்கள்' என்பது நான் ஒருவன்தான்.

எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரியில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேடு. நெல்லும் கரும்பும் வைத்த குடும்பம். டவுனில் வரலாறு எம்.ஏ. படித்தேன். பரீட்சை எழுதி ரயில்வேயில் சேர்ந்தேன். டிக்கெட் கவுண்ட்டரில் இருந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கை வலித்தது, சில்லறை இருக்காது, வரிசையில் எல்லோருக்கும் என் மேல் கோபம். பிறகு கோட்ட அலுவலகத்தில் வணிகப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குள் வில்லியனூரில் வீடு கட்டிக் குடிவந்திருந்தேன். வாரம் முழுக்க அலுவலக ஊரில் ஒரு அறை, வெள்ளிக்கிழமை மாலை வண்டியேறினால் வீடு. ஓய்வுபெறும்வரை அப்படியே ஓடியது.

அவசர ஒதுக்கீடு என்றால் என்னவென்று ரயில்வேக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வண்டி நிரம்பிவிட்டது என்று கவுண்ட்டரில் சொல்லும்போதும் ஒவ்வொரு வண்டியிலும் சில பெர்த்துகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். பூட்டின் சாவி எங்கள் பிரிவில். அவசரமாகப் போகவேண்டியவர் வெயிட்டிங் லிஸ்ட்டில் ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு எங்களுக்கு விண்ணப்பம் அனுப்புவார். யாருக்கு என்று முடிவு செய்து, பயணிகள் பட்டியலான சார்ட் தயாராவதற்குள் அவருடைய டிக்கெட் எண்ணைக் கணினியில் ஏற்றிவிட்டால் பெர்த் அவருக்கு. அதற்குள் நாங்கள் ஏற்றாமல் விட்டதை யாருக்கும் எடுத்துவைக்க முடியாது. கணினியே வெயிட்டிங் லிஸ்ட்டில் முதலில் இருப்பவருக்குக் கொடுத்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பவர்கள் பெர்த்தைப் போல் பல மடங்கு. அதிகாரிகள், மக்கள் பிரதிநிதிகள், அவர்களுடைய உதவியாளர்கள், உதவியாளர்களின் மைத்துனர்கள். அதற்குப் பிறகு பரீட்சை, சாவு, நோய். நோய் என்று எழுதினால் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, பிறகு எல்லோரும் நோய் என்று எழுத ஆரம்பித்தார்கள். ஒருமுறை காசிக்குப் போகும் ஒரு குடும்பம், பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை ஒரே டிக்கெட்டில், காரணம் கேன்சர் என்று எழுதியிருந்தது. கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"ஐயா, யாருக்குக் கேன்சர்?"

மறுமுனையில் இருந்தவர் மிகவும் பணிவாக, "யாருக்குன்னு போட்டா குடுப்பீங்க சார்?" என்றார்.

இப்படிப்பட்ட பேச்சுகளைத் தினமும் கேட்டால் மனம் காய்த்துப்போகும். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. காய்த்துப்போனது, அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் வேதமூர்த்தி சார். எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்கு வந்து, மேசையைத் தானே மஞ்சள் துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். விண்ணப்பங்களைச் சீட்டாட்டத்தில் சீட்டுப் பிடிப்பதுபோல விசிறியாகக் கையில் பிடித்துப் பார்ப்பார். யாருடையதிலும் 'இல்லை' என்று எழுதியதில்லை. கொடுக்க முடிவு செய்த காகிதத்தை நீளவாக்கில் மடிப்பார். கொடுக்காததைக் குறுக்கே மடிப்பார். மடிப்பைப் பார்த்து நான் ஏற்றவேண்டும். போனில் அவருடைய நடைமுறை அதைவிட நுட்பம். இல்லை என்று முடிவாகிவிட்டவரிடம், "ரொம்ப முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம்" என்பார். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டவரிடம், "கஷ்டம்தான், பார்க்கலாம்" என்பார். முதல் ஆளுக்குக் கோபம் வராது. இரண்டாம் ஆளுக்கு நன்றி கூடும். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கீழ் பெர்த்தை மட்டும் சார்ட் நேரம்வரை கையில் வைத்திருப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் சாமி பங்கு. மேலிடத்திலிருந்து திடீரென்று போன் வந்தால் எடுத்துக்கொடுக்க. பெரும்பாலும் வரும். வராத நாளில் கணினி யாருக்கோ கொடுத்துவிடும்.

ரயில்வே ஊழியர்களின் விண்ணப்பங்களை அவர் விசிறியில் சேர்க்கவே மாட்டார். அவை தனியாக மேசை ஓரத்தில் கிடக்கும். புதிதாக வந்த நாளில் நான் கேட்டேன்.

"ரயில்வேக்காரனுக்கு பெர்த் எதுக்குய்யா தணிகாசலம்? வண்டியே அவனுது" என்றார்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். வண்டியில் டிக்கெட் பார்க்கும் டி.டி.இ.க்களின் அறைக்குப் போன் போட்டு, இன்ன வண்டியில் யார் என்று விசாரித்து, "நம்மாளு ஒருத்தர் வர்றார். பார்த்துக்கோங்க" என்பார். ஊழியரின் காகிதத்தை எடுத்து நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போடுவார். வேலை முடிந்தது.

இதில் கல்நெஞ்சம் எதுவும் இல்லை. உண்மையில் இது பாசம்தான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பயணம் செய்தோம். டி.டி.இ.யின் இருக்கையில் ஒண்டிக்கொண்டு, வண்டியின் கடைசியில் கார்டு வேனில் பெட்டிமேல் உட்கார்ந்து, இளவயதில் கழிவறைப் பக்கம் செய்தித்தாள் விரித்து. என் பிள்ளைகளையும் அப்படியே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பயணியைப்போல பெர்த்துக்கு மனுப்போட்டுக் காத்திருப்பது எங்களுக்குக் கொஞ்சம் கௌரவக்குறைவு. உள்ளே ஏறிவிட்டால் யாராவது நம்மாள் இருப்பார், ஒரு இடம் கிடைக்கும். உடம்பு நன்றாக இருப்பவனுக்கு இது சரி. நோயாளிக்கும் இதையே செய்தோம். வித்தியாசம் எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

வெளியாளுக்கு வேறு நடைமுறை. புதுச்சேரிக் கடலோரத்தில் நல்லவாட்டிலிருந்து சிங்காரவேலு என்று ஒரு மீனவர் பஸ் மாறி மாறி ஏறி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அம்மாவுக்குத் தொண்டையில் புற்று. ஸ்கேன் படங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்தார். பையில் மீன் வாடை.

"இன்னா சார், இடம் இல்லன்றாங்கோ. பொட்டி பொட்டியா போவுது வண்டி."

"வெளியே உக்காருங்க. பார்க்கலாம்" என்றேன்.

"உக்காந்தா பாப்பீங்களா, நின்னா பாப்பீங்களா? எது சீக்கிரமோ அத்த சொல்லுங்க, அப்டியே பண்றேன்."

வேதமூர்த்தி சார் அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். காகிதத்தை வாங்கி நீளவாக்கில் மடித்தார். தாய்க்குக் கீழே, மகனுக்கு மேலே. சிங்காரவேலு ஐஸில் வைத்து வஞ்சிரம் அனுப்புவதாகச் சொன்னார். "வேண்டாம்ப்பா, அம்மாவைப் பார்த்துக்கோ" என்றார் இவர். அன்று முழுக்க எங்கள் அறையில் எல்லோருக்கும் நல்ல மனநிலை. நல்லது செய்தோம் என்ற எண்ணம். செய்ததும் நல்லதுதான். ஆனால் சிங்காரவேலு யாரோ ஒருவர் என்பதால் அவருக்கு சார்ட்டில் பெயர் ஏறியது. எங்கள் ஆளாக இருந்திருந்தால் ஒரு போன் கிடைத்திருக்கும்.

வேதமூர்த்தி சார் ஓய்வுபெற்றார். அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். மஞ்சள் துணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மடிப்பு, போன் பேச்சு, சாமி பங்கு, மேசை ஓரம்.

கலிவரதன் செல்லிப்பட்டுக்காரர். வில்லியனூர்ப் பக்கத்துப் பாதையில் கேங்மேன். தண்டவாளத்தோடு நடந்து, ஆணியும் கட்டையும் பார்த்து, சரளைக்கல் அள்ளிப்போடும் வேலை. ஸ்டேஷனில் பார்த்துப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய எக்ஸ்ரே உறை. மனைவி அஞ்சலாட்சி வாசலில் ஆட்டோவிலேயே இருப்பதாகவும் படியேற முடியாது என்றும் சொன்னார். நான் வெளியே போனேன். அஞ்சலாட்சி பின்சீட்டில் சாய்ந்து, வலது காலை நீட்டித் தலையணைமேல் வைத்திருந்தார்.

"சார், உங்க வூட்டாண்டயே ஒரு ஸ்டேஷன் கட்டியிருந்தா இவ்ளோ தூரம் அலைய வேணாம்" என்றார். வலியோடு இருப்பவர் பேசுகிற மாதிரி இல்லை.

தொடை எலும்பில் கட்டி. இங்கே பார்த்த டாக்டர் காலை எடுத்துவிடச் சொன்னாராம். மும்பையில், கெட்ட எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே உலோகத்தண்டு வைத்துக் காலைக் காப்பாற்றலாம் என்று இன்னொரு டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். அறுவைக்கு நாளும் கொடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை. எலும்பு உள்ளே அரித்துப்போயிருக்கிறது, அந்தக் காலை ஊன்றக்கூடாது, படுத்தபடியே வரவேண்டும். வழியில் முறிந்துவிட்டால் காலைக் காப்பாற்றுவது நடக்காது.

"ரெண்டு பெர்த்துக்கு எழுதிக் குடுத்துகீறேன் சார். ஒண்ணு கீழ வேணும். எனக்கு இல்லன்னாலும் பரவால்ல, எங்கியாவது குந்திகினு போயிடுவேன்" என்றார் கலிவரதன்.

"நான் இருக்கேன் இல்ல. கவலைப்படாதே."

"அவரு கவலப்படல சார்" என்றார் அஞ்சலாட்சி. "நான்தான் படறேன். படுத்துகினு வரணும்னு டாக்டரு எழுதியே குடுத்துகீறாரு. யோவ், அந்தப் பேப்பர சாருக்கு காட்டு."

"அதெல்லாம் சார் பாத்துப்பாரு. நம்ம வண்டிதானே" என்றார் கலிவரதன். உறையைப் பிரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர்கள் வண்டி வெள்ளிக்கிழமை. அன்று ஸ்லீப்பரில் கையிலிருந்த பெர்த்துகள் சில. காகிதங்கள் ஒரு கட்டு. வழக்கம்போல மடித்தேன். ஒரு கீழ் பெர்த் மிச்சம், அது சாமி பங்கு. காலையிலேயே ஒரு பெரிய வீட்டிலிருந்து, விருந்தாளி ஒருவர் போனாலும் போகலாம், பிறகு சொல்கிறோம் என்று தகவல் வந்திருந்தது. கலிவரதனின் காகிதம் மேசை ஓரத்தில். புதுச்சேரியில் அந்த வண்டியில் ஏறவேண்டிய டி.டி.இ.யைப் போனில் பிடித்தேன்.

"நம்ம கேங்மேன் ஒருத்தர், வீட்டம்மாவுக்குக் கால்ல ஆபரேஷன். படுத்துக்கிட்டுப் போகணும்."

"என் பெர்த்துலயே படுக்க வெச்சிடறேன் சார். நான் நின்னுகினு போறேன், ஆச்சா?"

நல்ல மனிதர். சொன்னபடியே செய்தார். நான் கலிவரதனுக்குப் போன் போட்டு, "சொல்லிட்டேன்" என்றேன். "சரி சார்" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

பெரிய வீட்டுப் போன் வரவில்லை. சார்ட் நேரம் நெருங்கியது. திரையில் அந்தக் கீழ் பெர்த் காலியாக இருந்தது. கலிவரதனின் காகிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நிமிஷத்தைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் தயங்கினேன் என்று எழுதினால் அது பொய். தயங்கவில்லை. அவர்களைப் பற்றிய நினைப்பே வரவில்லை. டி.டி.இ.யிடம் சொன்னதோடு அவர்கள் வேலை என் மனதில் முடிந்துபோயிருந்தது. முடிந்த காகிதத்தை யாரும் மறுபடி எடுப்பதில்லை. திரையை மூடினேன். கணினி அந்தப் பெர்த்தை யாருக்கோ கொடுத்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்கு வண்டி பிடிக்கப் போனேன். எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

பிறகு நடந்தது கலிவரதன் சொல்லி எனக்குத் தெரியும். அன்று இரவு அஞ்சலாட்சி டி.டி.இ.யின் பெர்த்தில் நன்றாகத் தூங்கியிருக்கிறார். வழியில் டி.டி.இ. மாறினார். விடிந்ததும் ஆந்திராவில் ஒரு ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. புதியவர் வந்து யார் நீங்கள் என்று கேட்டார். அவர் மீது நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர் கையிலிருந்த சார்ட்டில் இவர்கள் பெயர் இல்லை. முந்தியவர் இவரிடம் சொல்ல மறந்திருக்கலாம், சொல்லி இவர் மறந்திருக்கலாம். வாய்வார்த்தை அவ்வளவு தூரம்தான் போகும். கலிவரதன் தன் அடையாள அட்டையைக் காட்டினார். அதைப் பார்த்ததும் அவரும் எங்கள் வழக்கப்படியே நடந்துகொண்டார். "நம்மாளா? அப்ப ஒண்ணு பண்ணு, அடுத்த பெட்டியில இடம் இருக்கு, அங்க போயிடு" என்றாராம்.

கலிவரதன் மனைவியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இரும்பு தூக்குகிற கை, பலம் உண்டு. இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் வழி குறுகல். இருவருமாக நுழைய முடியவில்லை. ஒரு நொடி இறக்கி, இடது காலில் நிற்கவைத்து, தான் பக்கவாட்டில் முன்னே போய் மறுபடி தூக்கலாம் என்று பார்த்திருக்கிறார். வண்டி ஸ்டேஷனை விட்டுத் தடம் மாறிக்கொண்டிருந்தது. தடம் மாறும் இடத்தில் பெட்டி ஒரு உலுக்கு உலுக்கும். அது எந்தக் கேங்மேனுக்கும் தெரியும். விழாமல் இருக்க அஞ்சலாட்சி வலது காலை ஊன்றினார்.

"காஞ்ச முருங்கக்கெள முறியற மாரி சத்தம் சார்" என்றார் கலிவரதன்.

மும்பையில் காலை எடுத்துவிட்டார்கள். முறியாமல் வந்திருந்தால் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். உயிருக்கு ஆபத்தில்லை.

சில மாதம் கழித்து கலிவரதன் என் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். சண்டைபோட வந்திருப்பார் என்று நினைத்தேன். "நீங்க சொன்னதாலதான் சார் ராவெல்லாம் படுத்துகினு வந்தா. இல்லன்னா இன்னும் இன்னா பாடுபட்டிருப்பாளோ" என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த கரும்பை இறக்கி வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பெர்த் இருந்தது என்று சொல்லவில்லை. விசாரணைக்குப் பயந்து இல்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? எந்த விதியையும் நான் மீறவில்லை. வெயிட்டிங் லிஸ்ட்டில் முதலில் இருந்தவருக்கு நியாயமாக ஒரு பெர்த் போயிருக்கிறது. எந்தத் தணிக்கையிலும் நான் சுத்தம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்தடுத்த பொங்கலுக்கும் கரும்பு வந்தது. என் பேரப்பிள்ளைகள் தின்றார்கள். எனக்குப் பல்வலி என்று சொல்லிவந்தேன்.

இப்போது இந்தச் சுற்றறிக்கையும் கைகூப்பிய படங்களும் வந்தபிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. பஸ் ஏறி செல்லிப்பட்டுக்குப் போனேன். ஆற்றில் தண்ணீர் இருந்தது. கலிவரதனும் ஓய்வுபெற்றுவிட்டார். வாசலில் தார்ப்பாய் விரித்துக் கடலை காயப்போட்டிருந்தார்கள். அஞ்சலாட்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே சுவரில் செயற்கைக் கால் மாட்டியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது கண்ணாலத்துக்கு போவறதுக்கு. வூட்ல எதுக்கு, கொட்டாயில மாடு பாக்கவா?" என்றார்.

கலிவரதன் நாற்காலி கொண்டுவந்து போட்டார். "நாங்களே வரணும்னு இருந்தோம் சார். புது ரூலு வந்துகீதாமே."

"அதுக்காகத்தான் வந்தேன் கலிவரதா. அன்னைக்கு பெர்த் இருந்தது. கீழ் பெர்த். பெரிய இடத்துப் போனுக்காக வெச்சிருந்தேன். போன் வரலை. அப்பவும் உங்களுக்கு ஏத்தலை. ஏத்தியிருந்தா சார்ட்டுல இவங்க பேர் இருந்திருக்கும். யாரும் எழுப்பியிருக்க முடியாது."

சொல்லி முடித்தேன். வழியெல்லாம் மனதில் ஓட்டிப்பார்த்ததைவிடச் சீக்கிரமாக முடிந்துவிட்டது. கலிவரதன் தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் மடக்கி மடக்கிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வுடு சார்" என்றார் கடைசியில். "தப்பு என்னுது. இவ தம்பி அப்பவே சொன்னான், காரு வெச்சி மெட்ராஸ் வரிக்கும் படுக்க வெச்சி கூட்டிகினு போயி, அங்கேருந்து பிளேன்ல போயிடலாம், செலவு நான் பாத்துக்கறேன்னு. நான்தான் வாணான்னுட்டேன். ரயில்வேல இருந்துகினு பொண்டாட்டிய பிளேன்ல கூட்டிகினு போனா கேங்ல சிரிப்பானுங்கன்னு."

இது எனக்குத் தெரியாது. "நீ என்ன பண்ணுவே? நான் சொன்னதை நம்பினே" என்றேன்.

"நீங்க மட்டும் இன்னா பண்ணுவீங்க? ஆபீஸ் பழக்கம்."

"பழக்கம்தான். இருந்தாலும் நான் பார்த்திருக்கணும்."

"அந்தப் பேப்பர நானும் உங்களாண்ட காட்டியிருக்கணும்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. அவர் என் சுமையை எடுக்க, நான் அவருடையதை எடுக்க. ஒத்துக்கொள்கிறேன், எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. காபி கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றுகூடத் தோன்றியது.

கடலை உடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

"முடிஞ்சிதா?" என்றார் அஞ்சலாட்சி.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

"நீ அவர மன்னிச்சிட்ட, அவரு உன்ன மன்னிச்சிட்டாரு. நல்லது. காலு யாருது?"

கலிவரதன் தார்ப்பாயிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். அஞ்சலாட்சி என் பக்கம் திரும்பினார்.

"அந்த பெர்த்துல யாரு போனாங்க சார்?"

"தெரியாதும்மா. வெயிட்டிங் லிஸ்ட்டுல முதல்ல இருந்த யாரோ."

"அவங்கள உங்களுக்கு தெரியாது."

"தெரியாது."

"என்னிய உங்களுக்கு தெரியும்."

"தெரியும்."

"அதான்" என்றார். முறத்தைத் தட்டித் தோலை ஊதித் தள்ளினார். கோபமாக இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து, "வர்ற மாசம் மும்பையில செக்கப்பு. வருஷா வருஷம் போயாவணும். நீங்க எழுதிக் குடுத்தா அந்த ஆபீஸ்ல எடுத்துப்பாங்களா?" என்று கேட்டார்.

"எடுத்துப்பாங்க. இப்ப நமக்குத்தான் முன்னுரிமை. ரயில்வே குடும்பம்னு மேலேயே எழுதி, பழைய ஸ்டாஃப்னு நானும் ஒரு வார்த்தை போன்ல..."

"அதான் வாணான்றேன். போனும் வாணாம், நம்மாளுன்னும் எழுதாதீங்க. யாரோ ஒரு பொம்பள, ஒரு காலு, கேன்சரு, கீழ பெர்த்து வேணும். அவ்ளோதான் எழுதுங்க."

"ஏய், ஸ்டாஃப்னு எழுதினாதான்டி அந்த ரூலு செல்லும்" என்றார் கலிவரதன்.

"நீ சும்மா இருய்யா" என்றார் அஞ்சலாட்சி. "உன் வண்டில நான் ஒருக்கா போயிட்டேன்."